நீல் யங்கின் 'கிரீன்டேல்': பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கிரீன்டேல்' எந்த மாதிரி ஆல்பம்?

ராக் பாடகர் நீல் யங்கும், 1969இலிருந்து விட்டுவிட்டு அவரோடு வாசித்துவரும் கிரேஸி ஹார்ஸ் குழுவும் சேர்ந்து செய்த ஆல்பம். 2003 ஆகஸ்ட் 19இல் வந்தது. பத்தே பாட்டுதான், ஆனால் 78 நிமிடம் ஓடும். ஒரு சிடி எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் ரொப்பி வைத்திருக்கிறார்.

ஒரே கதையையோ ஒரே கருத்தையோ வைத்து எல்லாப் பாட்டையும் கோத்தால் அதைக் கான்செப்ட் ஆல்பம் என்பார்கள். இதில் வருவது கதை. கலிஃபோர்னியாவில் கடலோரமாகக் கிரீன்டேல் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே கிரீன் என்ற குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை நீல் யங் ஒருவரே எல்லார் குரலாகவும் இருந்து சொல்கிறார். நம் ஊர் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. வில்லுக்குப் பதில் கிட்டார், ஆமாம் போட ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். தாத்தா கிரீன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உலகம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மகன் ஏர்ல் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், ஓவியர். ஏர்லின் மனைவி ஈடித், மகள் சன். 'டபுள் ஈ' என்பது ஏர்லும் ஈடித்தும் வாழும் பண்ணையின் பெயர். உறவுக்காரப் பையன் ஜெட்டும் உண்டு. ஊருக்குள் சாத்தானும் நடமாடுகிறான்.

ஒருநாள் ஜெட் காரில் போதைப்பொருளோடு போகும்போது கார்மைக்கேல் என்ற போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார். பதறிப்போன ஜெட் அவரைச் சுட்டுவிடுகிறான். ஊரே செய்தியாகிறது. டிவி வண்டிகள் தாத்தா வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. பேட்டி கொடுக்க மாட்டேன் என்று போராடிய தாத்தா அந்தத் திண்ணையிலேயே விழுந்து இறந்துபோகிறார். அதற்குப் பிறகு பேத்தி சன் கிளம்புகிறாள். பவர்கோ என்ற மின்சார நிறுவனத்தின் கட்டடத்துக்குள் இருக்கும் கழுகுச் சிலையோடு தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டு, கையில் ஒலிபெருக்கியோடு போராட்டம் நடத்துகிறாள். எஃப்.பி.ஐ. அவள் அறையைக் கலைத்துப்போட்டு, அவள் வளர்த்த பூனையையும் கொன்றுவிடுகிறது. எர்த் பிரவுன் என்ற பையனைச் சந்திக்கிறாள். இருவரும் அலாஸ்காவைக் காப்பாற்றப் புறப்படுகிறார்கள்.

இப்படி எழுதினால் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆல்பத்தைக் கேட்கும்போதும் சில இடங்களில் அப்படித்தான் இருக்கும். பிறகு வருகிறேன்.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை. ஆல்பத்தைப் பற்றி அதிகம் பேர் வைக்கும் குறை இதுதான். ரால்ஃப் மொலினாவின் டிரம்ஸ் மாட்டுவண்டி போல ஒரே சீராக நடக்கிறது, பில்லி டால்பட்டின் பேஸ் இரண்டு மூன்று சுரத்துக்குள் சுற்றிச்சுற்றி வருகிறது. அதற்கு மேல் நீல் பாடாமல் பேசிக்கொண்டே போகிறார். மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்று கிடைப்பதற்குள் ஏழெட்டு நிமிடம் ஓடிவிடுகிறது. 'கிராண்ட்பாஸ் இன்டர்வியூ' ஏறக்குறைய 13 நிமிடம், 'சன் கிரீன்' 12 நிமிடம், 'கார்மைக்கேல்' 10 நிமிடம்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முழுக் கதையையும் யோசித்துவிட்டு அவர் எழுதவில்லை. ஒவ்வொரு பாட்டையும் ஸ்டூடியோவுக்குப் போகிற வழியில் எழுதி, போனவுடன் பதிவு செய்தார். அடுத்த பாட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்கே அப்போது தெரியாது. ஆக நாம் கேட்பது ஒருவர் கதையைக் கண்டுபிடித்துக்கொண்டே சொல்வதை. சொல்பவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தாளம் நிரப்புகிறது.

நானும் முதல் தடவை நாலாவது பாட்டோடு எழுந்து போனவன்தான். சமையல் செய்துகொண்டே, காதைப் பாதி மட்டும் கொடுத்து இரண்டாம் தடவை கேட்டபோதுதான் வரிகள் உள்ளே வந்தன. உட்கார்ந்து கவனித்துக் கேட்பதைவிட, பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல ஓடவிடுவது இந்த ஆல்பத்துக்கு நல்லது.

இன்னொரு கிட்டார் எங்கே?

கிரேஸி ஹார்ஸின் வழக்கமான இரண்டாவது கிட்டார், 'பாஞ்சோ' என்று எல்லோரும் கூப்பிடும் ஃபிராங்க் சாம்பெட்ரோ, இந்தப் பதிவில் இல்லை. நீல், பில்லி, ரால்ஃப் மூவர் மட்டும்தான். அதனால் அந்தக் குழுவுக்கே உரிய கனமான இரைச்சல் இதில் குறைவு. பழைய ஆல்பங்களின் இரைச்சல் சுவரை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இங்கே வேலிதான் கிடைக்கும். வரிகள் தெளிவாகக் கேட்பதும் அதனால்தான் என்பது என் எண்ணம். மேடையில் பாஞ்சோ திரும்பி வந்துவிட்டார்.

டூரில் ரசிகர்கள் கோபப்பட்டார்கள் என்கிறார்களே, என்ன நடந்தது?

ஆல்பம் வந்தது ஆகஸ்டில். அதற்கு முன்பே, 2003 வசந்தத்தில், நீல் யங் கையில் ஒரு கிட்டாரோடு தனியாக ஐரோப்பா முழுவதும் போனார். பழைய பாட்டு கேட்கலாம் என்று டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு, யாரும் அதுவரை கேட்டிராத பத்துப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பாடினார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கதை விளக்கம் வேறு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்த பாட்டுகள்.

கோடையில் அமெரிக்காவில் கிரேஸி ஹார்ஸோடு வந்தபோது அது நாடகமாகவே மாறிவிட்டது. மேடையில் திண்ணை, சிறைக்கூண்டு, வேடம் போட்ட ஆட்கள், பின்னால் திரை. நடிகர்கள் வாயசைக்க, நீல் பாடினார். பின்பாட்டுக்கு மௌன்டனெட்ஸ் என்று நாலு பெண்கள். அவருடைய அப்போதைய மனைவி பெகி யங் அதில் ஒருவர். கடைசிப் பாட்டில் எல்லோரும் மேடைக்கு வந்து ஆடுவார்கள். அதற்குப் பிறகு கிட்டாரை முறுக்கிவிட்டு 'ஹே ஹே, மை மை' போன்றவற்றை வாசிப்பார். சிலருக்கு அப்போதுதான் கச்சேரியே தொடங்கியது.

இதில் யார் பக்கம் நியாயம்? காசு கொடுத்தவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்க ஆசை இருப்பது தப்பில்லை. அதே சமயம், ஆளை அறிந்து வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாகவும் இருந்திருக்கக் கூடாது. 1980களில் கணினிக் குரலில் ஒரு ஆல்பம், அடுத்த வருடமே ராக்கபில்லி என்ற ஆரம்பகால ராக் அண்ட் ரோல் பாணியில் ஒன்று என்று வெளியிட்டு, அவருடைய ரெக்கார்டு கம்பெனியே 'இவர் இவர் மாதிரி பாட்டுத் தருவதில்லை' என்ற அர்த்தத்தில் வழக்குப் போட்ட மனிதர் இவர். கம்பெனி கேட்ட நஷ்டஈடு 33 லட்சம் டாலர்.

பிடித்தவர்கள் எதைப் பார்த்துப் பிடிக்கிறது என்கிறார்கள்?

'கார்மைக்கேல்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுடப்பட்ட போலீஸ்காரருக்கு அஞ்சலி. வேறு யாராவது எழுதியிருந்தால் கொடி, பியூகிள், வீரம் என்று போயிருக்கும். இங்கே உடன் வேலை செய்தவர்கள் எழுந்து நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் தடுமாறிப் பேசுகிறார்கள். அப்புறம் வீட்டில் மனைவி. அவளுக்கு நினைவு வருவது பெப்பிள் பீச்சுக்குப் போனது, அங்கே பாடகர் வெய்ன் நியூட்டனைப் பார்த்தது, கணவன் அந்த இடத்தில் அசடு மாதிரி நடந்துகொண்டது. இறந்தவரைப் பற்றி நமக்கும் இந்த மாதிரி நினைவுகள்தானே முதலில் வருகின்றன?

பிறகு, காவல் நிலையம் பழையபடி இயங்க ஆரம்பிக்கிறது. கார்மைக்கேலின் இடத்துக்கு வேறு ஆள் வருகிறார். ஆனால் ஒரு வருடம் வரை அவருடைய பார்க்கிங் இடத்தில் யாரும் வண்டியை நிறுத்தவில்லை. பாட்டு அதைச் சொல்லிவிட்டுச் சும்மா நகர்ந்துவிடுகிறது. ஆல்பத்தை ஆதரிப்பவர்களிடம் ஒரே ஒரு இடம் காட்டு என்று கேட்டால் நிறைய பேர் இந்தக் காலி பார்க்கிங்கைத்தான் காட்டுவார்கள். நானும்தான்.

இன்னொன்று 'பிரிங்கிங் டவுன் டின்னர்'. மூன்றே கால் நிமிடம், ஆர்கன் இழைய ஒரு சின்னப் பாட்டு. தாத்தாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பாட்டி காரில் வருகிறாள். வாசலில் டிவி வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறாள். முந்தின பாட்டிலேயே தாத்தா செத்துவிட்டார் என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

வரிகள் மோசம் என்று சொல்கிறவர்கள்?

அவர்களிடமும் சரக்கு இருக்கிறது. எதுகை கிடைத்தால் போதும் என்று விட்ட வரிகள் நிறைய. தாத்தாவின் பேச்சில் பாதி, பேப்பர் படித்துவிட்டுப் புலம்பும் பெரியவர் பேச்சு. அதைப் பாத்திரத்தின் குரல் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் 57 வயது நீல் யங்கும் அந்தச் சமயத்தில் ஏறக்குறைய அதையே பேசிக்கொண்டிருந்தார் என்பதால் அந்தச் சமாதானம் கொஞ்சம் இடிக்கிறது.

அதை அவரே அறிந்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. முதல் பாட்டிலேயே ஒரு பாத்திரம், இந்தப் பாட்டைப் பாடுகிற ஆள் ரொம்ப காலமாய்ப் பாடுகிறானே, சொல்லாமல் விட்டது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறது. பின்னால் தாத்தாவின் பேட்டிப் பாட்டில், அவன் வாயை யாராவது அடைக்கக் கூடாதா என்று எரிச்சல்படுகிறது. விமர்சகர் எழுதப் போவதை எல்லாம் ஆல்பத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்.

எந்தப் பாட்டில் இரண்டு கட்சியும் ஒன்று சேர்கிறது?

'பேன்டிட்'. ஆல்பம் பிடிக்காதவர்கள்கூட இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கிரேஸி ஹார்ஸின் மின்சாரக் கூச்சல் ஒதுங்கி நிற்கிறது; முன்னால் ஒரு அகௌஸ்டிக் கிட்டார். கீழ்ச்சுரத் தந்தியை அவ்வளவு தளர்த்தி வைத்திருக்கிறார், தட்டும்போதெல்லாம் அது பலகையில் பட்டு அதிர்கிறது. கிட்டார் வாசிக்கும் எந்த நண்பரும் கேட்டவுடன் 'டியூன் சரியில்லை' என்பார். அந்த அதிர்வுதான் பாட்டு.

அதற்கு மேல் முணுமுணுப்பாக, 'நீ' என்று யாரையோ பார்த்துப் பேசுகிறார். பேஸ்பால் பந்தயத்தில் டாட்ஜர்ஸ் ஜெயன்ட்ஸை ஜெயிக்கும் என்று எதிர்பார்க்காமல் காசை விட்ட ஆள். கண்ணுக்குத் தெரியாதவனாகிவிட்டாய், உன்னிடம் ரகசியங்கள் கூடிப்போய்விட்டன என்று சொல்லிவிட்டு, இதை பாப் டிலன் சொன்னார், கிட்டத்தட்ட அந்த மாதிரி என்னவோ, என்று இழுக்கிறார். அப்புறம் அந்த முணுமுணுப்பிலிருந்து பல்லவி எழும்பும்போது மட்டும் குரல் திறக்கிறது. தேடுவதெல்லாம் ஒருநாள் கிடைக்கும் என்று வெறும் ஆறுதல். வேறு பாட்டில் இதே வரி அட்டையில் அச்சடித்த வாழ்த்து போல இருந்திருக்கும். நாலு நிமிடம் அந்தத் தளர்ந்த தந்தியைக் கேட்ட காதுக்கு அப்படி இல்லை.

உங்கள் கணக்கில் எங்கே சறுக்குகிறது?

'சன் கிரீன்' தொடங்கும் இடத்தில். அதுவரை ஆல்பத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை; தாத்தாவின் புலம்பலைக்கூடத் திண்ணைப் பேச்சு என்று விட்டுவிடலாம். ஜெட் சுடும் நொடியில் அவன் வாழ்க்கை சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் போலக் கண் முன்னால் ஓடுகிறது, எதிர்காலத்தின் சத்தம் கீறல் விழுந்த பழைய 78 வேக இசைத்தட்டில் கேட்கிறது. கொலைகாரனைக்கூட இப்படிப் பார்க்கத் தெரிந்த ஆள், சன்னைப் பார்க்கும்போது அவள் கையிலிருக்கும் ஒலிபெருக்கியை மட்டும் பார்க்கிறார். அவள் என்ன சாப்பிடுவாள், அம்மாவோடு சண்டை போடுவாளா, தாத்தா செத்ததை எப்படித் தாங்கினாள், எதுவும் இல்லை. பூனை மட்டும்தான் அவளை மனுஷியாக்குகிறது. அதையும் கொன்றாகிவிட்டது.

கடைசிப் பாட்டான 'பீ தி ரெயின்' 9 நிமிடம், ஒலிபெருக்கி வழியாகக் கத்தும் கோஷங்களோடு. மேடையில் முப்பது பேர் ஆடும்போது அது வேலை செய்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஹெட்போனில் ஊர்வலம் தெருமுனையைத் தாண்டும் வரை காத்திருப்பது போல இருக்கிறது. இதை ஆல்பத்தின் உச்சம் என்று சொல்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இதில் நான் சிறுபான்மையாக இருக்கலாம்.

இது அரசியல் ஆல்பமா?

காலம் அப்படி. ஈராக் போர் 2003 மார்ச்சில் தொடங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த பேட்ரியட் சட்டம் யாரையும் கண்காணிக்கலாம் என்று வழி திறந்துவிட்டிருந்தது. தாத்தா சாவது பேசாமல் இருக்கும் உரிமைக்காக, பேரும் முகமும் தெரியாமல் இருக்கும் உரிமைக்காக என்று பாட்டே சொல்கிறது.

இதில் ஒரு சங்கடமான செய்தி உண்டு. 2001 கடைசியில் அந்தச் சட்டத்தைக் கொஞ்ச காலத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மேடையில் பேசியவர் இதே நீல் யங். தாக்குதலில் சிக்கிய விமானத்துப் பயணிகளைப் பற்றி 'லெட்ஸ் ரோல்' என்று பாட்டும் போட்டார். ஒன்றரை வருடத்தில் எஃப்.பி.ஐ. பூனையைக் கொல்கிறது. மனம் மாறியதைப் பற்றி அவர் ஆல்பத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாத்தா இன்னும் சுவாரசியமான ஆளாகியிருப்பார். 2006இல் 'லிவிங் வித் வார்' வந்தபோது இந்தத் தயக்கம் எல்லாம் போய், நேரடியாக அதிபர் புஷ் மீதே பாய்ந்துவிட்டார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

மூன்று இருக்கின்றன. ஒன்று, ஸ்டூடியோ ஆல்பம். இரண்டு, முதல் பதிப்போடு வந்த டிவிடியில் இருக்கும் டப்ளின் விகார் ஸ்ட்ரீட் தனிக் கச்சேரி. மூன்று, 2020இல் வெளியான 'ரிட்டர்ன் டு கிரீன்டேல்', 2003 செப்டம்பரில் டொரொன்டோவில் முழுக் குழுவோடு பதிவானது.

ரசிகர்களில் ஒரு பிரிவு டப்ளின்தான் உண்மையான கிரீன்டேல் என்று அடித்துச் சொல்கிறது. எனக்கும் அந்தப் பக்கம் சாய்வு உண்டு. பாட்டுக்கு நடுவே கதை சொல்லும்போது அவர் எங்கெங்கோ போகிறார், தானே சிரித்துக்கொள்கிறார். கிரீன்டேலில் குறைவது இந்தச் சிரிப்புதான். ஸ்டூடியோவில் அது வரிகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரைச்சல் வேண்டும் என்றால் டொரொன்டோ.

படமும் இருக்கிறதாமே?

இருக்கிறது. பெர்னார்ட் ஷேக்கி என்ற புனைபெயரில் நீல் யங்கே இயக்கியது. சூப்பர் 8 கேமராவில் எடுத்துப் பெரிதாக்கியதால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். தனியாக வசனம் கிடையாது; எல்லாரும் அவர் பாட்டுக்கு வாயசைக்கிறார்கள். பாட்டிகூட ஆண் குரலில் பேசுவதைப் பார்க்க ஐந்து நிமிடம் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும். தாத்தாவாக வருபவர் பென் கீத், பல வருடம் நீல் யங்கோடு ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். ஈடித்தாக பெகி. வீட்டில் இருந்தவர்களை வைத்தே எடுத்த படம் என்பது நடிப்பில் தெரியும். அதுவே அழகு என்பவர்களும் உண்டு.

இங்கிருந்து நீல் யங்கைக் கேட்க ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். 1970களின் ஆல்பம் நாலைந்தைக் கேட்டு, அந்தக் குரல் பழகிய பிறகு வாருங்கள். பொறுமை இல்லை என்றால் 'பேன்டிட்', 'கார்மைக்கேல்', 'பிரிங்கிங் டவுன் டின்னர்' மூன்றையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். கதை புரியாது. பரவாயில்லை.

ஜெட்டுக்கு என்ன ஆயிற்று?

ஜெட்டின் வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும் பாட்டு இந்தப் பத்தில் இல்லை. சன் அலாஸ்காவுக்குப் போகிறாள், மழை வருகிறது, ஆல்பம் முடிந்துவிடுகிறது. 2010இல் ஜோஷுவா டைசார்ட் எழுத, கிளிஃப் சியாங் வரைய, கிரீன்டேல் சித்திரக்கதைப் புத்தகமாகவும் வந்தது. அதிலும் கதை சன்னைத்தான் சுற்றுகிறது. ஜெட் சுட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. கார்மைக்கேலுக்காவது ஒரு வருடம் இடம் காலியாக இருந்தது.